மாங்கா கேள்வி-பதில்: கையுறை ஏன் கோட்டுப் பைக்குள் போனது?

மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி மலையிலிருந்து வந்தவை. அவற்றிலும் பல ஒரே கோதிக் (பழைய குற்றமும் திகிலும் கலந்த கதை வகை) தொடரைப் பற்றியவை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய நகரம் ஒன்று, நஞ்சு வியாபாரம் செய்யும் பிரபு ஒருவர், அவருக்காகப் பிணங்களைப் பதப்படுத்தும் மருத்துவர் ஒருவர். இருவரும் வில்லன்கள், இருவரும் வயது வந்த ஆண்கள். தொடரின் பெயரை வேண்டுமென்றே எடுத்துவிட்டோம். ஏழாம் தொகுதி வரை வராதவர்களின் வயிற்றெரிச்சல் நமக்கு வேண்டாம்.

ஏழாம் தொகுதியில் பிரபு கையில் வெட்டுக்காயத்தோடு வருகிறார். மருத்துவர் அவர் கையுறையைக் கழற்றிக் கட்டுப்போடுகிறார். பிரபு ஒரே ஒரு வரி பேசுகிறார். துரோகம் செய்யாதே என்கிறார். பக்கத்தைத் திருப்பினால் அந்தக் கையுறை மருத்துவரின் கோட்டுப் பையில் இருக்கிறது. எட்டாம் தொகுதியில் போலீஸ் சோதனைக்கு முன் எல்லாவற்றையும் எரிக்கும் மருத்துவர், கையுறையை மட்டும் எரிக்கவில்லை. தோழி இதைக் காதல் என்கிறாள். பிரபுவை மாட்டிவிடச் சாட்சி சேர்க்கிறார் என்கிறேன் நான். யார் சொல்வது சரி?
– வாசகி, கோத்தகிரி

திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. 71-வது பொருட்பாலில் வருகிறது. அரசன் வாய் திறக்கும் முன்பே அவன் மனதைப் படிக்க வேண்டிய அமைச்சனுக்கு. 110-வது காமத்துப்பாலில் வருகிறது, காதலிப்பவர்களுக்கு. மருத்துவர் பிரபுவின் முகத்தைப் படிக்கிறார் என்பதில் சந்தேகமில்லை. எந்த அதிகாரத்துக்காகப் படிக்கிறார் என்பதில்தான் உங்களுக்கும் தோழிக்கும் சண்டை. வில்லன்கள் விஷயத்தில் இது எப்போதும் இடிக்கும், ஏனென்றால் அடுத்தவர் முகத்தைப் படிக்காவிட்டால் அவர்களுக்குப் பிழைப்பே இல்லை.

அந்த இரண்டு பக்கங்களையும் வலமிருந்து இடமாக, மெதுவாகப் பாருங்கள். முதல் கட்டம் அகலமானது. கதவு வலப்பக்கம், அதாவது நம் கண் முதலில் விழும் இடத்தில். நாம் பிரபுவோடு அறைக்குள் நுழைகிறோம். அதன் கீழே மூன்று ஒடுக்கமான கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு பொத்தான். கையுறையைக் கழற்ற ஒரு கட்டம் போதும். வாரப் பத்திரிகையில் ஓர் அத்தியாயத்துக்குச் சுமார் 18 முதல் 20 பக்கம், மாதப் பத்திரிகையில் 30, 40. இப்படிப் பக்கத்தை எண்ணிச் செலவழிக்கும் தொழிலில் மூன்று கட்டத்தைப் பொத்தானுக்குக் கொடுத்திருக்கிறார் ஓவியர் என்றால், இங்கே நில் என்று நம் கையைப் பிடிக்கிறார்.

அடுத்த கட்டத்தில் மருத்துவரின் கண்கள் மட்டும். வாய் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. சிரிப்பா, இறுக்கமா, தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் அங்கே வெட்டியிருக்கிறார். அதற்கடுத்த கட்டத்தில் பிரபு ஜன்னலைப் பார்க்கிறார். இந்த இரண்டு கட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் கிடைக்கிறது: மருத்துவரின் பார்வையை அந்த அறையில் யாரும் பார்க்கவில்லை. பார்ப்பவர் நாம் மட்டும்தான். நடிப்புக்கு ஆள் வேண்டும். வலை வீசுகிறவர் மீன் இருக்கும் பக்கம்தான் வீசுவார். ஆகவே ‘பிரபுவை மயக்கிக் கவிழ்க்கிறார்’ என்ற வாசிப்பு இங்கேயே விழுந்துவிடுகிறது. உங்கள் ‘சாட்சி சேர்க்கிறார்’ இன்னும் விழவில்லை.

பிறகு பிரபுவின் வரி. ஜப்பானிய மூலத்தில் ‘ஒமாஏ தாகே வா உராகிருனா’. அதுவரை மருத்துவரை ‘கிமி’ என்று அழைத்தவர் இங்கே ‘ஒமாஏ’ என்கிறார். இரண்டும் ‘நீ’தான். கிமி என்பதில் மேலிருப்பவரின் நயமான இடைவெளி உண்டு. ஒமாஏ முரட்டுச் சொல், ஆனால் நெருக்கமான சொல். நெருங்கிய நண்பனையும் அப்படி அழைக்கலாம், வேலைக்காரனையும் அதட்டலாம். எனவே சொல் மாறியது என்பது மட்டும் சாட்சியாகாது. ‘தாகே வா’தான் கனமானது. ஆங்கிலத்தில் அது வெறும் மிரட்டலாக வந்திருக்கும். தமிழில் அப்படியே இருக்கிறது: ‘நீயாவது துரோகம் செய்யாதே.’ அந்த ‘ஆவது’க்குள் மற்ற எல்லோரும் செய்துவிட்டார்கள் என்ற செய்தியும் இருக்கிறது.

இப்போது கையுறை. பக்கம் திருப்பியதும் முதல் கட்டம் அது. மாங்காவில் திருப்பும் இடத்துக்கு மதிப்பு அதிகம். அதிர்ச்சியை அங்கேதான் வைப்பார்கள். ஆனால் இதை எடைபோட அந்தப் பக்கம் போதாது, ஒன்று முதல் ஆறு வரையிலான தொகுதிகள் வேண்டும். மருத்துவர் எதையும் ஜாடியில் போட்டுச் சீட்டு ஒட்டித் தேதி எழுதி வைக்கும் ஆள். நஞ்சை ஆராய நினைத்திருந்தால் கையுறை ஜாடிக்குப் போயிருக்கும். மிரட்டுவதற்கு என்றால் அது தன்னிடம் இருப்பது பிரபுவுக்குத் தெரிய வேண்டும். எட்டாம் தொகுதி முடியும்வரை பிரபுவுக்குத் தெரியாது. சோதனையில் அகப்பட்டால் முதலில் தூக்கில் தொங்குவது பையில் வைத்திருப்பவர்தான். ஒருவர் தன் பழக்கத்தை மீறி, தனக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்தும், யாருக்கும் காட்டாமல் ஒன்றைச் செய்கிறார். இப்படி மூன்றும் ஒரே செயலில் சேர்ந்தால் அதை வெறும் கணக்கு என்று தள்ள முடியாது.

தோழி துள்ளிக் குதிப்பதற்கு முன் ஒரு வார்த்தை. இந்த மனிதர் வைத்துக்கொள்வதெல்லாம் இறந்தவர்களின் பொருள். உயிரோடு இருப்பவரின் கையுறையை எடுக்கிறார் என்றால், பிரபுவை மனதுக்குள் இப்போதே பிணமாக்கிவிட்டார் என்றும் வாசிக்கலாம். ஆசையும் அதுதான், ஆபத்தும் அதுதான். தவிர, மருத்துவர் கடைசிவரை ‘ஹகுஷாகு’, அதாவது ‘பிரபு’ என்று பட்டத்தைச் சொல்லியே அழைக்கிறார். பிரபு ஓர் அடி இறங்கி வந்தும் இவர் ஏறவில்லை. நம் இலக்கணத்தில் இதற்குப் பெயர் தேட வேண்டியதில்லை: ஒருதலையானது கைக்கிளை, பொருந்தாதது பெருந்திணை. இந்தக் கதை முதலாவதில் நின்றுகொண்டு இரண்டாவதை எட்டிப் பார்க்கிறது. மருத்துவர் பக்கம் ஈர்ப்பு இருக்கிறது, பிரபு பக்கம் ஒரு வரிதான் இருக்கிறது. தோழிக்கு முக்கால் மதிப்பெண், உங்களுக்குக் கால்.

பிரபுவைச் சுற்றி வரும் ரோஜாக்களைக் கணக்கில் எடுக்காதீர்கள். முதல் தொகுதியிலிருந்து அவர் நுழையும் இடமெல்லாம் ரோஜாதான். அழகான ஆள் வருகிறார் என்று சொல்ல ஷோஜோ மாங்காவில் (இளம்பெண்களுக்கான மாங்கா) பூ போடுவது அந்தக் காலத்திலிருந்தே வழக்கம். மருத்துவரின் கண் வழியாகப் பார்க்கும் கட்டத்தில் மட்டும் பூ வந்தால் அது வேறு. கமீலியா வந்தாலும் கவனியுங்கள். அதன் பூ இதழ் இதழாக உதிராமல் முழுசாகக் கழன்று விழும். ஜப்பானில் அதைப் பார்த்தால் துண்டிக்கப்பட்ட தலை நினைவுக்கு வரும். (உங்கள் ஊர்த் தேயிலையும் அதே கமீலியா இனம்தான்; தேயிலைத் தோட்டத்தில் நின்று பயப்பட வேண்டாம்.)

அதே தோழி, நான்காம் தொகுதி விருந்தில் இருவரும் ஒருவரையொருவர் தெரியாதவர்கள் போலப் பார்ப்பதையும் சாட்சியாகச் சொல்கிறாள். குறளே இருக்கிறதாம்.
– அதே வாசகி

இருக்கிறது. ‘ஏதிலார் போலப் பொதுநோக்கு நோக்குதல் காதலார் கண்ணே உள’, குறள் 1099. ஆனால் கூட்டுக் களவாணிகளும் அப்படித்தான் பார்ப்பார்கள். மறைக்க வேண்டிய தேவை உண்டா என்று பாருங்கள். விருந்து கொடுப்பவருக்கு இருவரும் பழக்கம் என்பது முன்பே தெரியும் என்றால், மறைப்பது தொழிலுக்காக அல்ல. தெரியாது என்றால் அந்தப் பார்வைக்கு எடையே இல்லை. நான்காம் தொகுதியில் அவருக்குத் தெரியாது. தோழியிடம் சொல்லிவிடுங்கள்.

ஆங்கிலப் பதிப்பை வைத்து நண்பர்களுக்காகத் தமிழில் வசனம் எழுதிப் பார்க்கிறேன். வில்லன்கள் இருவரும் ‘நீ’யா ‘நீங்க’ளா? இன்னொன்று, மருத்துவர் தன் பழைய காதலைப் பற்றிப் பேசும் இடத்தில் ‘அவள்’ என்று போட்டேன். மூன்று தொகுதி கழித்து அது தப்பு என்று தெரிந்தது.
– வாசகர், குன்னூர்

இரண்டாவது கேள்விதான் முக்கியம், அதை முதலில் பார்த்துவிடுவோம். மூலத்தில் அங்கே ‘அனோ ஹிதோ’ என்று இருக்கும் வாய்ப்பு அதிகம். ‘அந்த மனிதர்’ என்று பொருள், ஆணா பெண்ணா என்று சொல்லாது. ஆங்கிலத்துக்குப் பெரும்பாலும் ஏதாவது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தமிழுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ‘அவர்’ என்று போட்டு ‘வந்தார், போனார்’ என்று முடித்தால் ரகசியம் அப்படியே நிற்கும். பேச்சு வழக்கில் எழுதினால் ‘அவங்க’. ஆங்கிலத்திலிருந்து எழுதும்போது ‘அவன்’, ‘அவள்’ என்று கை தானாகப் போகும். கோதிக் கதையில் பழைய காதல், முகமூடி ஆள், கடிதம் எழுதியவர் என்று வந்தால் கையை நிறுத்துங்கள், ‘அவர்’ போடுங்கள்.

காதல் சொற்களிலும் தமிழுக்கு வசதி இருக்கிறது. ஜப்பானியத்தில் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவது சாதாரணம். ‘சுகி தத்தா’ என்று ஒரு பாத்திரம் சொன்னால் யாருக்கு யாரை, எதை என்று எதுவும் இல்லை. ‘பிடித்திருந்தது’ என்று எழுதுங்கள், தீர்ந்தது. நமக்கும் மீன் குழம்பும் பிடிக்கும், ஆளும் பிடிக்கும். இதை ‘நான் உன்னைக் காதலித்தேன்’ என்று மாற்றினால் ஓவியர் பூட்டி வைத்த கதவை நீங்கள் உடைத்துவிடுகிறீர்கள். ‘ஐஷிதேரு’ என்று வந்தால் மட்டும் ‘காதல்’ என்ற சொல்லை எடுங்கள். அது அன்றாடம் புழங்காத, கனத்த சொல். ஒரு தொடரில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிவிடலாம்.

இப்போது நீ, நீங்கள். மருத்துவர் பிரபுவிடம் ‘நீங்கள்’, கூடவே ‘பிரபு’. பிரபு மருத்துவரிடம் தொடக்கம் முதல் ‘நீ’ போட்டுவிட்டால் ஏழாம் தொகுதியில் கிமி ஒமாஏ ஆகும்போது இறங்குவதற்குப் படியே இருக்காது. அதனால் கிமி வரும் இடங்களில் முன்னிலையையே தவிர்த்து எழுதிப் பாருங்கள்: ‘டாக்டர் வரலாமே’, ‘டாக்டருக்குத் தெரியாததா?’ இப்படி ஆறு தொகுதி போய்விட்டு, கையுறைக் காட்சியில் முதல்முறையாக ‘நீயாவது’ என்று விழட்டும். ‘நீர், உமது’ வேண்டாம்; நாடக மேடை வாசனை வந்துவிடும். ‘கிசாமா’ வந்தால் ‘டேய்’ போதும். அது ஒரு காலத்தில் மரியாதைச் சொல்லாக இருந்து வசையாக இறங்கிய சொல்.

ஆங்கிலப் பதிப்பில் காணாமல் போகும் இன்னொரு பொருள், எழுத்துக்குப் பக்கத்தில் பொடியாக அச்சிடும் உச்சரிப்புக் குறிப்பு. அதை வைத்து ஓவியர்கள் விளையாடுவார்கள். ‘பலத்த எதிரி’ என்று பொருள்படும் எழுத்தைப் போட்டு, பக்கத்தில் ‘தோமோ’, அதாவது ‘தோழன்’ என்று வாசிக்க வைப்பது பழைய சண்டை மாங்கா ஒன்றில் புகழ்பெற்ற உத்தி. எழுதுவது எதிரி, காதில் விழுவது தோழன். வில்லன்கள் ஒருவரையொருவர் என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்பதில் சண்டை வந்தால், அந்த ஒரு வசன பலூனை மட்டுமாவது மூலத்தில் பார்த்துவிடுங்கள்.

எழுதியதை நண்பர்கள் வட்டத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உரிமம் பெறாமல் பக்கங்களோடு இணையத்தில் ஏற்றுவது ஓவியர் வயிற்றில் அடிப்பது.

மருத்துவரின் கன்னத்தில் சாம்பல் நிறக் கோடுகள். வெட்கமா? என் போனில் தெரிகிறது, நண்பனின் அச்சுப் புத்தகத்தில் தெரியவில்லை.
– வாசகர், கொடைக்கானல்

போனில் மட்டும் தெரிந்தால் அது வெட்கமல்ல, போன்தான். மாங்காவில் சாம்பல் நிறம் என்று தனியாக ஒன்று பெரும்பாலும் கிடையாது. கறுப்புப் புள்ளிகளை நெருக்கியும் விலக்கியும் வைத்துச் சாம்பலாகக் காட்டுவார்கள். அந்தப் புள்ளி வரிசையைச் சுருக்கித் திரையின் புள்ளி வரிசைக்குள் திணிக்கும்போது இரண்டும் மோதி, படத்தில் இல்லாத அலைகளும் கோடுகளும் வரும். மோய்ரே என்பது இதன் பெயர். சோதிப்பது சுலபம்: படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குங்கள். கோட்டின் இடைவெளியோ சாய்வோ மாறிக்கொண்டே வந்தால் மோய்ரே. அசையாமல் நின்றால் பேனா. இதுவே எதிர்ப்பக்கமும் நடக்கும். மெல்லிய புள்ளிகளால் போட்ட நிஜ வெட்கம் மலிவான ஸ்கேனில் வெளுத்துக் காணாமல் போகும்.

பேனாக் கோடுதான் என்று உறுதியானாலும், கண்ணுக்குக் கீழே சாய்கோடு என்றால் வெட்கம், குடி, காய்ச்சல், குளிர் நான்கில் ஏதாவது ஒன்று. பக்கத்தில் கோப்பை இருக்கிறதா, வெளியே பனியா என்று பாருங்கள். டிசம்பரில் கொடைக்கானல்காரர்களை வரைந்தால் எல்லோருமே காதலில் இருப்பது போலத்தான் தெரியும்.

போனில் படிப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை, எதிரெதிர்ப் பக்கங்கள் பிரிந்துபோவது. ஜப்பானிய அமைப்பில் புத்தகம் விரிந்திருக்கும்போது இரட்டைப்படைப் பக்கம் வலப்பக்கம், ஒற்றைப்படை இடப்பக்கம். முதல் பக்கத்தைத் தனியாக விட்டு 2-3, 4-5 என்று ஜோடி சேர வேண்டும். 1-2 என்று சேர்ந்திருந்தால் படிக்கும் செயலியில் முதல் பக்கத்தைத் தனியாக விடும் அமைப்பை இயக்கிவிடுங்கள். பிரபு வலது பக்கத்திலும் மருத்துவர் இடது பக்கத்திலும் நின்று ஒருவரையொருவர் பார்க்கும் காட்சி, தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பேர் சுவரைப் பார்ப்பது போல இருக்கும்.

பழைய ஆங்கிலப் பதிப்புகள் சிலவற்றில் பக்கங்களைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பியே அச்சிட்டார்கள். வலக்கை இடக்கை ஆகிவிடும். கிமோனோவில் இது பெரிய விபத்து: உயிரோடு இருப்பவர்கள் இடப்பக்கத் துணியை மேலே வைத்து உடுத்துவார்கள், வலப்பக்கம் மேலே வருவது சவத்துக்கு. திருப்பி அச்சிட்டால் ஊரே பிணம். யார் எந்தக் கையால் தொட்டார் என்று வாதம் செய்யும் முன் பதிப்பைப் பாருங்கள்.

எல்லாவற்றிலும் காதலைத் தேடுவது ஒரு வியாதியாகிவிட்டது. இரண்டு ஆண்கள் நண்பர்களாக இருக்கக் கூடாதா?
– வாசகர், கூடலூர்

இருக்கலாம். பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. சோழன் வடக்கிருந்தபோது பாண்டிய நாட்டிலிருந்து புலவர் வந்து சேர்ந்து உயிர் விட்டார். ‘புணர்ச்சி பழகுதல் வேண்டா’ என்ற 785-ஆம் குறளுக்குப் பரிமேலழகர் இந்த இருவரையே எடுத்துக்காட்டுகிறார். உயிரைக் கொடுத்தார் என்பதாலேயே அது காதல் ஆகிவிடாது என்ற உங்கள் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஆனால் சாட்சி காட்டும் கடமை இரண்டு பக்கமும் உண்டு. ‘வெறும் நட்பு’ என்பதும் ஒரு வாசிப்புதான். அதற்கும் பக்க எண் வேண்டும். நாங்கள் செய்துபார்க்கச் சொல்லும் சோதனை இது: மருத்துவரின் இடத்தில் ஒரு பெண்ணை வைத்து அதே இரண்டு பக்கங்களை மனதில் ஓட்டிப் பாருங்கள். மூன்று கட்டம் பொத்தான், யாரும் பார்க்காத பார்வை, பைக்குள் கையுறை. அப்போது யோசிக்காமல் காதல் என்று சொல்வீர்கள் என்றால், இப்போது தடுப்பது கதையல்ல. அப்போதும் நட்பு என்று சொல்வீர்கள் என்றால் உங்கள் வாசிப்பு உறுதியானது, விட்டுக்கொடுக்காதீர்கள்.

கோதிக் என்றால் சரியாக என்ன? ஏன் அதில் இப்படிப்பட்ட ஈர்ப்பெல்லாம் வில்லன்களுக்கே வருகிறது?
– கல்லூரி மாணவி, ஊட்டி

உங்கள் ஊர் செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்துக்கு 1829-இல் அடிக்கல் நாட்டினார்கள். அதன் உத்தரங்களுக்கு மரம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் லால்பாக் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்தது. தோற்ற அரசனின் அரண்மனை மரம், ஜெயித்தவர்களின் தொழுகைக் கூடத்தைத் தாங்குகிறது. கோதிக் கதையின் எலும்பு இதுதான்: பழைய குற்றம் ஒன்று புதிய வீட்டின் கூரைக்குள் உட்கார்ந்திருக்கும். மூடுபனி, வௌவால், மெழுகுவர்த்தி எல்லாம் மேல் பூச்சு. இங்கிலாந்தில் 1764-இல் வந்த ஒரு கோட்டைக் கதையிலிருந்து இந்த வகையைக் கணக்கிடுவார்கள். மலை, நடு யாமம், கூதிர், முன்பனி, களவு என்று குறிஞ்சிக்கு நம்மவர்கள் வகுத்ததைப் பார்த்தால் கோதிக்கின் நேரமும் இடமும் அப்படியே இருக்கும். நாம் அங்கே காதலரை நிறுத்தினோம், அவர்கள் பேயை நிறுத்தினார்கள்.

ஏன் வில்லன்களுக்கே? மூன்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. ரத்தம் குடிப்பவரின் கடி முத்தம் போலவும் உணவு போலவும் ஒரே சமயத்தில் இருக்கும். ஒரு பெண் ரத்தக்காட்டேரி இன்னொரு பெண்ணை நாடும் ஐரிஷ் கதை 1872-இலேயே புத்தகமாகிவிட்டது, டிராகுலா வருவதற்கு 25 ஆண்டுகள் முன்பு. அடுத்தது ஹாலிவுட். 1930-இல் வகுத்து 1934 முதல் கறாராக நடைமுறைக்கு வந்த தணிக்கை விதிகள் தன்பாலீர்ப்பைத் திரையில் காட்டக்கூடாது என்றன. நேராகச் சொல்ல முடியாததை நடை, குரல், மோதிரம், வாசனைத் திரவியம் என்று வில்லன் மேல் பூசினார்கள். அவன் கடைசியில் சாகப்போகிறவன், தணிக்கைக்காரருக்கும் திருப்தி. விதி 1968-இல் போய்விட்டது, பூச்சு போகவில்லை. மூன்றாவது ஜப்பானிலேயே நடந்தது. 1949-ஐ ஒட்டிப் பிறந்த பெண் ஓவியர்கள் சிலர் (ஷோவா ஆண்டுக் கணக்கில் அது 24, அதனால் ‘24-ஆம் ஆண்டுக் குழு’) 1970-களில் ஐரோப்பிய மாளிகைகளையும் அழகான பையன்களின் நெருக்கத்தையும் பெண்கள் பத்திரிகைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே அந்த நெருக்கம் வில்லத்தனமாக இல்லை, துயரமாக இருந்தது. நீங்கள் படிக்கும் தொடர் இந்த மூன்றையும் கலந்து குடித்திருக்கிறது.

ஆகவே ஒரு கேள்வியைத் தொடரிடமே கேளுங்கள்: இதே கதையில் நல்லவர்கள் பக்கம் இப்படி ஒரு ஜோடி உண்டா? ஒன்றுகூட இல்லை, ஆண்மேல் ஆசைப்படுபவன் எல்லாம் கொலைகாரன் என்றால், ஓவியம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பழைய தணிக்கையின் எச்சில்தான். எங்களுக்கு இந்தத் தொடரின்மேல் இருக்கும் ஒரே குறை அது. ஒன்பது தொகுதியில் ஒரு ஜோடியும் இல்லை.

விடுதியில் படிக்கும் என் மகள், 14 வயது, இதைப் படிக்கிறாள். விடலாமா?
– ஒரு தாய், கொடைக்கானல்

பின்னட்டையைப் பாருங்கள். ஆங்கிலப் பதிப்புகளில் பொதுவாக ‘டி’ என்றால் 13-க்கு மேல், ‘டி பிளஸ்’ 16-க்கு மேல், ‘எம்’ 18-க்கு மேல். இந்தத் தொடர் டி பிளஸ். காரணம் அந்த இருவரின் ஈர்ப்பு அல்ல, பிணவறைக் காட்சிகள். இரண்டு ஆண்டுகள் பொறுக்கச் சொல்லலாம், அல்லது முதல் தொகுதியை நீங்கள் படித்துவிட்டு முடிவு செய்யலாம். வேறு தொடர்களில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஈர்ப்பு என்று காட்டப்படுவதில் ஒருவர் சிறுவர் என்றால் அதை ‘பூடகமான காதல்’ என்று யாரும் விளக்க வேண்டாம். அது வேட்டை, மகளிடமும் அந்தச் சொல்லையே சொல்லுங்கள்.

எட்டுப் பேர் சேர்ந்து மாதம் ஒரு தொகுதி பேசுகிறோம். ஒவ்வொரு முறையும் யாருக்கு யார் ஜோடி என்ற ‘ஷிப்’ சண்டையில் முடிகிறது.
– வாசகர் வட்டம், பெருமாள்மலை

ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு மூன்று கட்டங்கள் தேர்ந்தெடுத்து வரட்டும். ஒரு தாளில் பக்க எண், கட்டத்தில் என்ன வரைந்திருக்கிறது, அதைக் கதைக்குள் யார் பார்க்கிறார், செய்தவருக்கு என்ன நஷ்டம் என்று நான்கு பத்தி. முதல் அரை மணி நேரம் ‘காதல்’, ‘நட்பு’, ‘சூது’ மூன்று சொல்லும் தடை. ‘தொட்டார், திரும்பினார், எடுத்தார்’ என்று வினைச்சொல் மட்டும். பாதிச் சண்டை அங்கேயே அடங்கும்.

பக்க எண் இல்லாத சாட்சியைத் தள்ளுபடி செய்யுங்கள். பலர் சத்தியம் செய்து சொல்லும் காட்சி ரசிகர் வரைந்த படத்தில் வந்ததாக இருக்கும், அல்லது அனிமேயில், அதாவது அசையும் படமாக எடுத்தபோது, சேர்த்ததாக இருக்கும். பத்திரிகை அட்டையில் இருவரும் ஒட்டி நிற்பதும் செல்லாது, அது விற்பனைக்கு வரைவது. சொல் விஷயத்திலும் கறாராக இருங்கள்: தன்பாலீர்ப்பாளர், பால்புதுமையர் போன்ற சொற்களைத் தமிழ்நாடு அரசே 2022-இல் அரசிதழில் வெளியிட்டிருக்கிறது. கிண்டல் சொல் புழங்கும் வட்டத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது.

மாங்கா புத்தகங்கள் பூசணம் பிடிக்கின்றன.
– வாசகர், பூம்பாறை

ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு அந்த மலிவுத் தாள் தாங்காது. ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பூசணம் வரும். அலமாரியை வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல் நான்கு விரல் தள்ளி வையுங்கள். இருபது தொகுதி கொள்ளும் மூடிபோட்ட டப்பாவில் 100 கிராம் சிலிக்கா ஜெல் போதும். நிறம் மாறியதும் மின்சார ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம். ஈரமாக இருக்கும் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ளேயே வேகும். வந்துவிட்ட பூசணத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு வாசலில் வைத்து, காய்ந்த மெத்தென்ற தூரிகையால் முதுகுப் பக்கத்திலிருந்து வெளியே தள்ளுங்கள். நேர் வெயிலும் வேண்டாம், தாள் மஞ்சளாகும். ரத்தக்காட்டேரி பயம் மட்டும் உங்களுக்கு இல்லை; மலைப்பூண்டு விளையும் ஊர்.

பத்தாம் தொகுதியில் கையுறை திரும்ப வருமா?
– மூவர் கேட்டிருக்கிறார்கள்

வந்தால் ஜாடியில் வருகிறதா, பையில் வருகிறதா, கையில் வருகிறதா என்று பாருங்கள். கையில் வந்தால், யார் கையில் என்று பக்க எண்ணோடு எழுதுங்கள்.